கெட்டவனுக்கும் ஒரு காரணம், பறக்கும் கப்பலுக்கும் ஒரு கணக்கு

(வட்டார அளவில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியின் நிறைவு நாளில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மதிய உணவுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஆறாவது பாடவேளை எப்படி இருக்கும் என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதனால் கார்ட்டூனில் இருந்தே தொடங்கிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் வெப்பம் நடத்திக்கொண்டிருந்தேன். சூடான காற்று மேலே போகும் என்று சொன்னவுடன் ஒரு மாணவி எழுந்தாள். "சார், ஃபயர் நேஷன்காரங்க கப்பல் முழுக்க இரும்பு. அது எப்படி சார் வெறும் சூடான காத்துல பறக்கும்?" என்று கேட்டாள். அவள் எதைச் சொல்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் "கார்ட்டூன் சார்" என்றாள். "கார்ட்டூன்ல எல்லாம் பறக்கும்மா, நீ பாடத்தைக் கவனி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை வண்டியில் போகும்போதுதான் உறைத்தது. நான் நடத்திக்கொண்டிருந்த பாடத்தைப் பற்றி அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். மறுநாள் அவளிடமே போய் "அது என்ன கார்ட்டூன், கதையைச் சொல்லு" என்றேன். சந்தேகத்துடன்தான் ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் பாதி வகுப்பு சேர்ந்துகொண்டது. பிறகு நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பகுதி பார்க்கலாம் என்று தொடங்கியவன் கோடை விடுமுறைக்குள் 61 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். என் மனைவிக்கு இதில் சில விமர்சனங்கள் உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடரின் பெயர் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் வந்தது. அந்த உலகத்தில் நான்கு நாட்டினர். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பூதம். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும் தங்கள் பூதத்தை உடலசைவால் ஆளும் திறமை பிறவியிலேயே உண்டு. அதைப் 'பெண்டிங்' என்கிறார்கள். நான்கையும் ஆளக்கூடிய ஒரே ஆள் அவதார். அந்தச் சொல் நம் அவதாரம்தான், அமெரிக்கா போய்த் திரும்பி வந்திருக்கிறது. "நமக்கு அஞ்சு பூதமாச்சே, ஆகாயத்தை ஏன் விட்டுட்டாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கதை தொடங்குவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு நெருப்பு நாட்டு அரசன் சோசின் ஒரு போரைத் தொடங்குகிறான். காற்று நாடோடிகளை அடியோடு அழிக்கிறான். தப்பியவன் ஆங் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டும். பனிக்குள் நூறு ஆண்டுகள் உறைந்து கிடந்து எழுந்து வருகிறான். இதன் தொடர்ச்சியாக 2012 முதல் 2014 வரை 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' வந்தது. முதல் கதைக்கு எழுபது ஆண்டுகள் கழித்து நடப்பது. அதற்குள் அங்கே கார் வந்துவிட்டது, வானொலி வந்துவிட்டது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நான் அதை வகுப்புக்கே திருப்பிக் கொடுத்தேன். "கப்பல் பறக்குமா? ஆமாம், இல்லை என்று சொன்னால் போதாது. எண்ணைக் காட்டுங்கள்."

முதலில் எங்கள் வகுப்பறையை அளந்தார்கள். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். 144 கன மீட்டர். சாதாரண வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 0.95 கிலோ. வித்தியாசம் கால் கிலோ. அதாவது ஒரு கன மீட்டர் சூடான காற்று கால் கிலோவைத்தான் தூக்கும். வகுப்பறை முழுவதும் சூடான காற்றை நிரப்பினால் 36 கிலோ. "சார், அப்போ இந்த ரூம் முழுக்க இருக்கிற காத்து என்னை மட்டும்தான் தூக்கும்" என்றான் ஒருவன். ஒரு வகுப்பறைக்கு ஒரு பையன். அடர்த்தி என்றால் என்ன என்று பத்து ஆண்டுகளாக நான் விளக்கிவருகிறேன். அந்த ஒரு வரியில் புரிந்த அளவுக்கு என் விளக்கம் யாருக்கும் புரிந்ததில்லை.

இரும்புக் கப்பல் கணக்கைப் பத்தாம் வகுப்பிடம் கொடுத்தேன், அளவியல் பாடம் அங்கேதான் வருகிறது. கப்பலை ஒரு கோளம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிலோ. புறப்பரப்பை 7.8ஆல் பெருக்கினால் தோலின் எடை. கன அளவை 0.25ஆல் பெருக்கினால் தூக்கும் அளவு. இரண்டும் சமமாக வேண்டுமானால் ஆரம் என்ன? சுமார் 94 மீட்டர். விட்டம் கிட்டத்தட்ட 190 மீட்டர். அதுவும் தன் தோலை மட்டும் தூக்குவதற்கு. ஆள், நிலக்கரி, இயந்திரம் எதுவும் இல்லாமல்.

"அப்ப பறக்காது" என்று ஒரு தரப்பு முடித்துவிட்டது. உடனே இன்னொருவன், "அவங்க நெருப்பு நாட்டுக்காரங்க, 100 டிகிரியோட ஏன் நிறுத்தணும்?" என்றான். நியாயமான கேள்வி. 300 டிகிரி என்று போட்டுப் பார்த்தார்கள். விட்டம் 80 மீட்டராகக் குறைந்தது. இன்னும் பெரிதுதான். ஆனால் முட்டாள்தனமான எண் இல்லை. 1930களில் பறந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலின் நீளம் 245 மீட்டர். அதன் தோல் துணி, உள்ளே ஹைட்ரஜன். உலோகத் தோல் போர்த்திய வான்கப்பலும் உண்மையிலேயே ஒன்று இருந்தது. 1929இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டினார்கள். அலுமினியக் கலவைத் தகடு, தடிமன் கால் மில்லிமீட்டர்தான், உள்ளே ஹீலியம். அந்தத் தகவலைச் சொன்னவுடன் வகுப்பு முடிவை மாற்றியது. "தகடு மெல்லிசா இருந்தா பறக்கும். ஆனா மெல்லிசா இருந்தா அம்பு பாஞ்சிடும். அப்புறம் போர்க்கப்பல் எதுக்கு?" இப்படி ஒரு வாக்கியத்தைத் தேர்வுத்தாளில் பார்த்திருக்கிறீர்களா?

இங்கே ஒரு எச்சரிக்கை. கற்பனைக் கதையில் குற்றம் கண்டுபிடிப்பது எளிது, அது வெறும் விளையாட்டாக முடிந்துவிடக்கூடும். அதனால் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கச் சொல்வேன். நம் உலகத்தில் இது நடக்குமா என்பது ஒன்று. அந்த உலகம் தனக்கென்று வைத்துக்கொண்ட விதிக்குள் இது நடக்குமா என்பது இன்னொன்று.

சூரிய கிரகணம் வரும் பகுதி இதற்கு நல்ல உதாரணம். கிரகணத்தின்போது நெருப்பு நாட்டவர் சக்தி இழப்பார்கள், எனவே அந்த நேரத்தில் படையெடுக்கிறார்கள். கிரகணம் எட்டு நிமிடம் என்று கதையில் வருகிறது. நம் பூமியில் முழு சூரிய கிரகணம் ஓரிடத்தில் அதிகபட்சம் சுமார் ஏழரை நிமிடம்தான் நீடிக்க முடியும். 2009 ஜூலை 22 அன்று நடந்தது இந்த நூற்றாண்டிலேயே நீளமானது, அதுவே 6 நிமிடம் 39 விநாடி. "அப்போ தப்பு" என்றார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "அவங்க நிலா கொஞ்சம் பெருசா இருந்தா?" கிரகணத்தின் நீளம் நிலவின் தோற்ற அளவைப் பொறுத்தது என்பதை நான் சொல்லவேயில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டான்.

பிளாட்டினம் அப்படி இல்லை, அதில் கதைதான் மாட்டிக்கொள்கிறது. உலோகத்தை ஆளுவதற்கு அதில் கலந்திருக்கும் மண் துகள்தான் பிடி என்று முதல் தொடர் ஒரு விதியை வைக்கிறது. எனவே தூய்மையான பிளாட்டினத்தை ஆள முடியாது. அழகான விதி, தாதுவும் உலோகமும் பாடத்துக்கு நேராகப் போகும். ஆனால் இரண்டாவது தொடரின் முடிவில் குவிரா என்ற தளபதி பல மாடி உயரத்துக்கு ஒரு பிளாட்டின இயந்திர மனிதனோடு வந்து நிற்கிறாள். உலகம் முழுவதும் ஓராண்டில் தோண்டி எடுக்கப்படும் பிளாட்டினம் சுமார் 200 டன். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 21 மடங்குக்கு மேல். உருக்கிக் கட்டியாக்கினால் பக்கத்துக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு கனசதுரம். இந்த மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அவ்வளவு பிளாட்டினம் கிடைக்கிற ஊர்ல அது விலையே இருக்காது சார்" என்றாள். அவள் போய்ச் சேர்ந்தது பொருளியலுக்கு.

இதுவரை சொன்னது அறிவியல் ஆசிரியருக்கு. மொழி, சமூக அறிவியல் ஆசிரியர்கள் கைப்பேசியை எடுக்கும் முன் அடுத்ததற்கு வந்துவிடுகிறேன்.

கெட்டவன் ஏன் கெட்டது செய்கிறான்? நம் வகுப்பறைகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் பழகியிருக்கிறது. பேராசை. நாடு பிடித்தவன், வரி போட்டவன், கோயிலை இடித்தவன், காட்டை அழித்தவன் எல்லாருக்கும் அதே பதில். இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அது தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குப் பிறகு யோசிக்க எதுவும் மிச்சம் இருப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

சோசினைப் பாருங்கள். அவன் தன் நண்பனின் திருமண விருந்தில் முதன்முதலாகத் தன் திட்டத்தைச் சொல்கிறான். அவன் சொல்வது என்ன? நம் நாடு செழித்திருக்கிறது, இந்தச் செழிப்பை உலகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். கொள்ளை என்ற வார்த்தையே அதில் இல்லை. சமூக அறிவியல் ஆசிரியை, என் சக ஆசிரியர், இந்தக் காட்சியை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிவிட்டு, இதே மாதிரிப் பேசி வந்தவர்கள் யாரையாவது பாடத்தில் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நாகரிகம் கொடுக்க வந்தோம், ரயில் கொடுக்க வந்தோம், ஒழுங்கு கொடுக்க வந்தோம் என்று பட்டியல் வந்தது. தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டு வருகிறவன்தான் அதிகம் பயப்பட வேண்டியவன் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.

இதே தொடரில் நமக்கென்றே எடுத்த மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. ஆங் மாறுவேடத்தில் நெருப்பு நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் போய் உட்காருகிறான். வரலாற்று வகுப்பு. காற்று நாட்டுப் படையோடு சோசின் எந்த ஆண்டில் போரிட்டார் என்று ஆசிரியை கேட்கிறார். காற்று நாடோடிகளுக்குப் படையே கிடையாது, எதிர்பாராத நேரத்தில் தாக்கித்தான் அழித்தார்கள் என்கிறான் ஆங். புத்தகத்தில் இருப்பதைவிட உனக்கு எப்படித் தெரியும், நூறு வருடத்துக்கு முன்னால் நீ அங்கே இருந்தாயா என்ற பொருளில் ஆசிரியை மடக்குகிறார். அவன் உண்மையிலேயே இருந்தவன்! பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ஒரே சிரிப்பு. எனக்கு வரவில்லை. அந்த ஆசிரியை கொடியவர் இல்லை. கொடுத்த பாடத்தை நேரத்துக்கு முடிக்கிறார், வகுப்பை அமைதியாக வைத்திருக்கிறார். "கார்ட்டூன்ல எல்லாம் பறக்கும்மா" என்று நான் சொன்ன குரலும் அந்தக் குரலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அதைத் தொடர்ந்து வகுப்பில் நடந்த விவாதத்தையும் சொல்ல வேண்டும். ஆங் சொல்வது உண்மை என்பதற்குச் சான்று என்ன என்று ஆசிரியை கேட்டார்கள். முதல் பருவத்தில் அவன் தன் பழைய ஆலயத்துக்குப் போகும்போது குருவின் எலும்புக்கூடும் அதைச் சுற்றி நெருப்பு நாட்டு வீரர்களின் எச்சங்களும் கிடக்கின்றன. அதுதான் சான்று என்றார்கள் பிள்ளைகள். ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை வீரர்கள் செத்திருக்காங்கன்னா சண்டை நடந்திருக்கு. அப்போ படை இருந்துச்சுன்னும் சொல்லலாமே?" அரை மணி நேரம் போனது. குரு ஒருவர்தானே அங்கே கிடக்கிறார், படை இருந்தால் வாள் கிடக்க வேண்டாமா என்று எதிர்த்தரப்பு. கீழடிப் பொருள்களைப் பற்றி அந்த வகுப்பு பிறகு பேசியபோது "இதை வேற மாதிரியும் சொல்லலாமா மிஸ்?" என்ற கேள்வி தானாக வந்தது என்று அவர்கள் சொன்னார்கள்.

இப்போது உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும். கெட்டவனுக்குக் காரணம் தேடிக் கொடுத்தால் பிள்ளைகள் அவனை நியாயப்படுத்த மாட்டார்களா? என் தலைமையாசிரியரும் இதைத்தான் கேட்டார். நியாயமான பயம். இரண்டாவது தொடரில் வரும் அமானை வைத்து இதைப் பேசிப் பார்த்தோம்.

அமான் முகமூடி அணிந்த தலைவன். பெண்டிங் இல்லாத சாதாரண மக்கள் நசுக்கப்படுகிறார்கள், எனவே எல்லாரிடமிருந்தும் அந்தச் சக்தியைப் பறித்துச் சமமாக்குவேன் என்கிறான். அந்த நகரத்தில் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. சக்தி உள்ள ரவுடிக் கும்பல்கள் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்குகின்றன. ஒரு கட்டத்தில் பெண்டிங் இல்லாதவர்களுக்கு மட்டும் ஊரடங்கு போடுகிறார்கள். அமானோடு சேரும் ஹிரோஷி சாட்டோ ஒரு பெரிய தொழிலதிபர். அவர் மனைவியைக் கொன்றவன் ஒரு நெருப்புக் கும்பல்காரன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு இரண்டு சொற்களைப் பிரித்தார்கள். "காரணம் இருக்கு சார், நியாயம் இல்ல." காரணத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நான் நடத்தவில்லை. அவர்கள் மொழியிலேயே அது இருந்தது.

தொடர் மீது எனக்குள்ள வருத்தமும் இங்கேதான். அமானே பெண்டிங் உள்ளவன், பொய் சொல்லி ஏமாற்றியவன் என்று கடைசியில் தெரிகிறது. கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆனால் அவன் பொய்யன் என்பதால் அந்த மக்களின் குறை பொய்யாகிவிடுமா? கதை அதைப் போதிய அளவு பேசாமல் அடுத்த வில்லனிடம் போய்விடுகிறது. இதை ஒரு மாணவி என்னைவிடத் தெளிவாகக் கேட்டாள். கேட்டவன் மோசமானவன் என்பதற்காகக் கேள்வியைத் தள்ளிவிடலாமா என்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோரா தொடரின் சில காட்சிகள் கடுமையானவை, முதல் பருவத்தின் முடிவு பெரியவர்களுக்கே கனமானது. நடுநிலை வகுப்புகளுக்குக் கதையாகச் சொன்னால் போதும். படமாகக் காட்ட வேண்டியதில்லை.

சாட்டோ விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் மின்சாரம் பாயும் கையுறை செய்கிறார், ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்கள் செய்கிறார். கையுறை போட்டவனுக்கே ஏன் ஷாக் அடிக்கவில்லை என்பதில் தொடங்கிக் காப்புப் பொருள், மின்சுற்று என்று ஒரு பாடவேளை ஓடியது. ஆனால் பிள்ளைகள் வேறொன்றைக் கவனித்தார்கள். இரண்டு தொடர்களிலும் முக்கியமான கண்டுபிடிப்பாளர்கள் பிறவிச் சக்தி இல்லாதவர்கள். நெருப்பைக் கையாலேயே விடத் தெரிந்தவனுக்குத் தீப்பெட்டி எதற்கு? அவன் எதையும் கண்டுபிடிக்க மாட்டான். இல்லாதவன்தான் கருவி செய்வான். யார் என்ன கருவி செய்கிறார்கள் என்பதற்கும் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதை அங்கே பிடித்தார்கள். அதன்பிறகு அறிவியல் வகுப்பு, சமூக அறிவியல் வகுப்பு என்று நாங்கள் இருவரும் தனித்தனியாகப் பேசுவதை ஏறக்குறைய விட்டுவிட்டோம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். இதற்குத் தொலைக்காட்சித் தொடரே தேவையில்லை. கைப்பேசி எல்லா வீட்டிலும் இருக்காது, பார்க்காத பிள்ளை வகுப்பில் ஒதுக்கப்பட்டுவிடவும் கூடாது. பாட்டி சுட்ட வடைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நரி ஏன் ஏமாற்றியது? பசி. சரி, காக்கை? மூன்றாம் வகுப்பில் என் நண்பர் ஒருவர் கேட்டபோது ஒரு குட்டி, "காக்காதான் முதல்ல திருடுச்சு, நரியை மட்டும் ஏன் திட்டுறீங்க?" என்றதாம். பாட்டி போலீசுக்குப் போனால் யார் பெயரைச் சொல்வாள் என்று அடுத்த விவாதம். வடையை வாயில் வைத்துக்கொண்டு காக்கை எவ்வளவு தூரம் பறக்கும் என்பதை ஐந்தாம் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

ஜூகோவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதல் தொடரின் முதல் வில்லன். நெருப்பு நாட்டு இளவரசன். புதிதாகச் சேர்ந்த படைவீரர்களைப் பலிகொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காகப் பதின்மூன்று வயதில் தகப்பனே அவன் முகத்தைச் சுட்டு நாடு கடத்துகிறான். அவதாரைப் பிடித்து வந்தால்தான் திரும்பலாம். அதனால் ஆங்கைத் துரத்துகிறான். ஊரை எரிக்கிறான், யாரையும் மதிக்க மாட்டான், எப்போதும் கத்துவான். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். பதவி, பெருமை, அவதார் என்று வரிசையாக வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன். வாரம் ஒரு முறையாவது அடிதடிக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பவன். நானே இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். அவன் எழுந்திருக்காமலே சொன்னான்: "அவனுக்கு அவதார் வேணாம் சார். அவங்க அப்பா வீட்டுக்குக் கூப்பிடணும்."

அவன் பாட்டி வீட்டில் இருந்து வருகிறவன் என்பது சேர்க்கைப் படிவத்தில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. நான் அன்றுதான் எடுத்துப் பார்த்தேன். அவன் இப்போதும் சண்டை போடுகிறான், அதில் மாற்றமில்லை. ஆனால் இப்போதெல்லாம் "ஏன்டா அடிச்ச?" என்று கேட்டுவிட்டு நான் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். முன்பெல்லாம் கேள்வி முடிவதற்குள் தண்டனை தொடங்கிவிடும். காரணத்தைச் சொல்கிறான். நியாயம் இல்லாதபோது அதையும் சில நேரம் அவனே சொல்கிறான்.

கடைசியாக, எங்கள் வகுப்பில் இன்னும் தீராத ஒரு வழக்கு. நீங்கள் எடுத்துப்போய் உங்கள் பிள்ளைகளிடம் வைக்கலாம்.

மலை உச்சியில் கைவிடப்பட்ட ஓர் ஆலயத்தில் அகதிகள் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு கண்டுபிடிப்பாளர். அவருடைய மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன், அவனுக்காகப் பறக்கும் இறக்கை செய்து கொடுத்திருக்கிறார். ஆலயத்துக்குள் மணமில்லாத எரிவாயு கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை. சொக்கா என்ற பையன் ஒரு வழி சொல்கிறான். அழுகிய முட்டைகளைக் கீழே வைத்தால் வாயுவோடு நாற்றமும் சேர்ந்து வரும், மூக்கை வைத்துக் கசிவைப் பிடிக்கலாம். நம் சமையல் எரிவாயுவில் மெர்காப்டன் கலப்பது இதே யோசனைதான். அது சட்டமானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன்பிறகுதான் வாசனை கலப்பதைக் கட்டாயமாக்கினார்கள். இதை வகுப்பில் சொன்ன நாளில் யாரும் சிரிக்கவில்லை.

அதே கண்டுபிடிப்பாளர் ஒரு வெப்பக்காற்றுப் பலூனும் செய்கிறார். மேலே போகிறது, ஆனால் கட்டுப்படுத்த முடியவில்லை. உச்சியில் ஒரு மூடி வைத்து, திறந்து மூடினால் ஏற்றி இறக்கலாம் என்று சொக்கா சொல்கிறான். இன்றைய பலூன்களிலும் உச்சியில் அப்படி ஒரு திறப்பு உண்டு. எல்லாம் நல்லபடி போகும்போது உண்மை தெரிகிறது. அந்த மனிதர் இத்தனை நாளும் நெருப்பு நாட்டுக்கு ஆயுதம் செய்து கொடுத்துவந்திருக்கிறார். செய்யாவிட்டால் ஆலயத்தையும் அதில் உள்ளவர்களையும் எரித்துவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் மகனுக்கே தெரிகிறது. அதன்பிறகு எல்லாரும் சேர்ந்து போரிட்டு அந்த ஆலயத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் பலூன் எதிரியின் கையில் சிக்குகிறது. பின்னால் கிரகணத்து அன்று அவர்கள் தலைக்கு மேலே வருகிற அந்த வான்கப்பல் கூட்டம், அந்தப் பலூனிலிருந்து பிறந்ததுதான். என் மாணவி முதல் நாள் கேட்ட இரும்புக் கப்பல்.

அந்தத் தந்தை குற்றவாளியா? ஒன்பதாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தன் பிள்ளைக்காகச் செய்தார் என்கிறது ஒரு பாதி. அந்த ஆயுதத்தால் செத்த பிள்ளைகளுக்கும் அப்பா இருந்திருப்பார்கள் என்கிறது இன்னொரு பாதி. மூடி சொல்லிக் கொடுத்த சொக்காவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று ஒரே ஒருத்தி மட்டும் பிடிவாதமாக இருக்கிறாள். அவள்தான் அந்த இரும்புக் கப்பல் மாணவி. இந்த முறை அவளை உட்காரச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்கள் வகுப்புகள் என்ன தீர்ப்புச் சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த பயிற்சியில் சந்திக்கும்போது சொல்லுங்கள்.